சாவி கொடுத்துவிட்டுக் குடித்தவர்

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். நர்ஸ் படிப்பு முடித்து, குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள். "ஊசி போடு, மாத்திரை குடு, வாய மட்டும் தொறக்காத கண்ணு." எண்பதுகளில் நடந்த கதை இது. நான் வாயைத் திறந்ததால் ஒரு மனிதர் என்ன ஆனார் என்பதை யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தோட்டத்து லாரி டிரைவர். எடை போட்ட பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஏற்றி பேக்டரிக்குக் கொண்டுவருவது வேலை. நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். நெட்டையான ஆள், குரங்குக் குல்லா, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். லாரி சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஏனுங்க சிஸ்டர், இத உங்க ஆணியில மாட்டி வெச்சுருங்க. திங்கக்கெழம காலைல வாங்கிக்கறனுங்க. நடுவுல நானே வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க."

"நீங்களே கேட்டா ஏனுங்க குடுக்கக்கூடாது?"

"அப்ப நான் குடிச்சிருப்பனுங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் கிட்கம் ஒன்றும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த நர்ஸ் காலத்திலிருந்தே அதுதான் ஏற்பாடாம். துரைக்குத் தெரியாது. துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் தோட்டத்தில் அந்தப் பெயர் போகவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கதவு தட்டும் சத்தம். டிஸ்பென்சரிக்குப் பின்னால்தான் எனக்கு அறை. ஏதோ பிரசவக் கேஸ் என்று பதறி எழுந்து வந்து பார்த்தால் இவர். வாசலில் மேகம் இறங்கியிருந்தது. கையிரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார். உதடு நடுங்கியது. குளிருக்கு என்று நினைத்தேன்.

"சிஸ்டர், சாவி இங்கதான் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா."

"ராத்திரி நான் வந்து கேட்டனுங்களா?"

"இல்லீங்களே."

"ஆருக்காச்சும் அடிபட்டு இங்க தூக்கிட்டு வந்தாங்களா?"

"யாரும் வரலீங்க."

"அந்த நோட்ட ஒருக்கா காட்டுங்களே."

நோயாளிகள் பெயர் எழுதும் பெரிய நோட்டு. எடுத்துக் காட்டினேன். சனிக்கிழமைத் தேதிக்குக் கீழே விரலை வைத்து, ஒன்றும் எழுதாத கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். அடிக்கோட்டுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டு, "அப்பச் சரிங்க" என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பாக வந்தது. சாயங்காலம் ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்து, ராத்திரி எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டார். காலை ஆறு மணி அவருக்கு ராத்திரிக் கணக்கில்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தப்பவில்லை. இதே மூன்று கேள்வி, இதே நோட்டு.

அவர் மனைவி கொழுந்து எடுக்கும் பெண். நல்ல வாயாடி, எனக்கு ஜோடி. ஒருநாள் கையில் முள் குத்தி வந்தபோது கேட்டேன், வீட்டில் அடி உதை உண்டா என்று.

"அட நீங்க வேற சிஸ்டர். குடிச்சா அந்த மனுசன் ஒரு சொல்லு பேசமாட்டாரு. சோறு தின்னுட்டு, ஸ்வெட்டரோட கட்டில்ல உழுந்தா எந்திரிக்கறதே இல்ல. விடிஞ்சாத்தான் எனக்குத் தொல்ல. நா ஆரையாச்சும் ஏத்திப்போட்டனா, நா ஆரையாச்சும் ஏத்திப்போட்டனான்னு உசுர வாங்குவாரு. குடிக்கறது கால் பாட்டலு, பயப்படறது ஒரு பீப்பா."

முன்னால் எப்போதாவது யாரையாவது இடித்திருப்பாரோ, அந்தப் பயமோ என்று விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றுமே இல்லை. பதினைந்து வருஷம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டியவர். ஒரு மைல்கல்லில் கூட உரசியதில்லை. வார நாளில் அவரைப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பது தெரியாத மூட்டத்தில், வாந்தி எடுக்கும் கர்ப்பிணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இன்னும் நாலே வளைவுதானுங்கம்மா, புள்ளகிட்டச் சொல்லுங்க, சித்த பொறுத்துக்கச் சொல்லி" என்று பேசிக்கொண்டே குன்னூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்குவார். நான் கூடப் போயிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கை மலைப்பாறை மாதிரி அசையாது. அதே கைதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் தடுமாறும்.

பயத்துக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழச் சாறு, மோர், விடியக்காலையில் தொட்டித் தண்ணீரில் தலைமுழுக்கு, நெற்றி நிறைய திருநீறு. குடிப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் பேனாவால் 'சாவி கொடுத்தாச்சு' என்று எழுதிக்கொள்வார். காலையில் அதைப் பார்ப்பார். சாவியைத் திரும்ப வாங்கி, ஓட்டிவிட்டு வந்து, அப்புறம் எழுதியிருந்தால் என்ன செய்வது என்று சந்தேகம் வரும். மனைவியிடம், பழைய சேலையால் காலைக் கட்டிலோடு கட்டிப்போடச் சொல்லியும் பார்த்தார். விடிந்ததும் முடிச்சு அப்படியே இருந்தது. "அவுத்துட்டுப் போயிட்டு வந்து நானே மறுபடி கட்டியிருந்தா?" என்று என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு ஞாயிறு லாரியின் முன்பக்கக் கம்பியில் கோழி இறகு ஒன்று ஒட்டியிருந்ததாம். தொழிலாளர் குடியிருக்கும் நாலு லைன் வீடுகளிலும் ஏறி இறங்கி, உங்க கோழி காணாமப்போச்சுங்களா என்று கேட்டிருக்கிறார். யார் கோழியும் காணாமல் போகவில்லை. மனசு கேட்காமல், தன் வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியைக் கடைசி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. தோட்டமே சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

புதன்கிழமை தோறும் வரும் டாக்டரிடம் இதைச் சொன்னேன். சரக்கு உள்ளே இருக்கும்வரை நரம்பை அமுக்கி வைத்திருக்கும், இறங்கினதும் அது எகிறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், காரணமே இல்லாமல் பயம் வரும், குடியை நிறுத்தினால்தான் தீரும் என்றார். அதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. உங்க உடம்புதான் உங்களப் பயமுறுத்துது."

"உடம்பு பொய் சொல்லுமுங்களா சிஸ்டர்?"

"சொல்லும்."

"அப்ப ஆரு சொல்றத நம்பறதுங்க?"

"நான் சொல்றத நம்புங்க" என்றேன். பெரிய இவள் மாதிரி.

அவர் நம்பினார். அதுதான் வினை. ஆறு வாரம் குடிக்காமலும் இருந்து பார்த்தார். ஏழாவது சனிக்கிழமை வந்து, முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். மனைவி சொன்னால் கேட்காது, சாமி படத்தின் மேல் பூப்போட்டுப் பார்த்தாலும் கேட்காது, நான் 'யாரும் வரலீங்க' என்று சொல்லி நோட்டைக் காட்டினால் மட்டும் அந்த நெஞ்சு அடங்கும். அடிபட்ட ஆள் யாராக இருந்தாலும் முதலில் என்னிடம்தானே வரவேண்டும்?

எல்லாம் மாறிப்போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழ் லைனிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், இடுப்புவலி எடுத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பார்த்ததுமே குன்னூருக்குக் கொண்டுபோக வேண்டிய கேஸ் என்று தெரிந்துவிட்டது. துரை ஜீப்பில் ஊட்டி போயிருந்தார். லாரி நின்றது. சாவி என் ஆணியில் தொங்கியது. ஓட்டக்கூடிய ஒரே ஆள் ஸ்வெட்டரோடு கட்டிலில் கிடந்தார். தெரிந்ததையெல்லாம் செய்தேன். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை, கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. விடியக்காலை வந்து, நோட்டில் அந்தப் பிரசவத்தை எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஆறு மணிக்குக் கதவு தட்டினார். சாவி இருக்கிறது, நீங்கள் வரவில்லை, அடிபட்டு யாரும் வரவில்லை என்று கதவைத் திறக்காமலே சொன்னேன். போனார். கால்மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து, சாவியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். மூன்றாவது முறையும் வந்தார்.

"அந்த நோட்ட ஒருக்கா காட்டுங்களே."

அந்தப் பக்கம் அன்றைக்குக் காலியாக இல்லை. காட்ட முடியாது. 'நீ குடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு ஒரு வழி இருந்திருக்குமே' என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இந்த மனிதர் செத்தே போய்விடுவார் என்று விழுங்கினேன். விழுங்கினவள் சும்மா இருந்திருக்கலாம். சனியன் பிடித்த நாக்கு.

"ஆமாங்கண்ணா, ராத்திரி வந்தீங்க, சாவியக் கேட்டீங்க, குடுத்தேன், நல்லா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தீங்க. போதுமா? போய்ப் படுங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

கேலிக்குச் சொன்னதுதான். யாராக இருந்தாலும் என் குரலிலேயே அது தெரிந்திருக்கும். நான் போய்ப் படுத்துத் தூங்கியும் விட்டேன்.

பத்து மணிக்கு என்னை எழுப்பினார்கள். மேல் லைனில் இருந்த பழைய கங்காணியை ஒரு கம்பளியில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். கூலியாட்களை மேய்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். முந்தின நாள் இருட்டும் நேரத்தில் மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர், இரண்டாவது வளைவுக்குக் கீழே சாக்கடையில் விழுந்து, ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு, நினைவு இல்லை. ஜீப் அதற்குள் திரும்பியிருந்தது. நானே கூட ஏறி உட்கார்ந்து குன்னூருக்குக் கொண்டுபோனேன். கூட்டத்தில் டிரைவர் நின்றாரா என்று நான் கவனிக்கவில்லை.

பொழுது சாய்ந்து திரும்பி வந்தால், டிஸ்பென்சரி ஆயா வாசலிலேயே காத்திருந்தாள். டிரைவர் பங்களாவுக்குப் போய்த் துரை காலில் விழுந்து, ராத்திரி குடித்துவிட்டு லாரி ஓட்டிக் கங்காணியை ஏற்றியது தான்தான் என்று சொல்லிவிட்டாராம். கங்காணியின் மகன்கள் இரண்டு பேரும் அவரைப் போட்டு அடித்தார்களாம். தடுக்கப் போனவர்களையும் இவரே விலக்கிவிட்டு வாங்கிக்கொண்டாராம்.

இதென்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது. சாவி என் ஆணியில் இருக்கும்போது இவர் எப்படி ஓட்டியிருக்க முடியும்? அப்புறம்தான் காலையில் நான் சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. கம்பெனி வண்டியின் சாவி எதற்கு உன்னிடம் இருந்தது என்று துரை கேட்பார், வேலை போய்விடும், ஊரில் எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் எழுந்தபோது என் கை நடுங்கியது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. இதோடுதான் இந்த மனிதர் வாராவாரம் என் வாசலில் வந்து நின்றாரா என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டுக் குடிக்காமல் அது எனக்கும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார், ஆனால் நம்பினார். வேலையும் போகவில்லை. மூன்றாம் நாள் கங்காணிக்கு நினைவு திரும்பியது. "ஒண்ணுக்குப் போக ஓரமா ஒதுங்குனேன், பாசி வழுக்கிருச்சு. லாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லாரி அடிச்சிருந்தா இப்படிப் பேசிக்கிட்டா கெடப்பேன்?" என்று மகன்களைத் திட்டியிருக்கிறார். அவர்கள் வந்து டிரைவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். கன்னம் வீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், என்னோடு பேசவில்லை.

"அண்ணா, நான் அன்னிக்குப் பொய் சொன்னனுங்க. கோவத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன். நீங்க வரவே இல்ல. ராத்திரி நான் டிஸ்பென்சரியிலேயே இல்லீங்க, கீழ் லைன்ல பிரசவம் பாத்துட்டு இருந்தேன். கேட்டுப்பாருங்க."

"போறதுக்கு முன்னால குடுத்திருப்பீங்க."

"சாவி ஆணியில இருந்ததக் காலைல பாத்தீங்களே."

"நானே கொண்டாந்து மாட்டியிருப்பனுங்க. டயர்ல சேறு ஈரமா இருந்துதுங்க."

"ராத்திரியெல்லாம் சாரல் அடிச்சா ஈரமாத்தான் இருக்கும். கங்காணியே சொல்லிட்டாரே, வழுக்கி உழுந்தேன்னு."

"அவரு பெரிய மனுசனுங்க. எம்பட புள்ளைகள நெனச்சுச் சொல்லியிருப்பாரு." என்னைச் சமாதானப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார். "நீங்களும் நல்லவங்க சிஸ்டர். அதான் இப்ப மாத்திச் சொல்றீங்க."

எனக்கு அழுகை வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார்.

அன்றோடு குடியை விட்டார். தொடவே இல்லை. தோட்டம் முழுக்க அதைப் பாராட்டியது. புருஷன் குடிக்கிற பெண்களெல்லாம் அவர் மனைவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். லாரியையும் தொடவில்லை. துரை இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "வேண்டாமுங்க தொரை" என்று கும்பிட்டுவிட்டு, பேக்டரி அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போய்விட்டார். குடி போனால் பயமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னாரே, நானும் காத்திருந்தேன். போகவில்லை. முன்பு வாரத்தில் ஒருநாள் காலையில் இருந்த அந்த முகம் இப்போது ஏழு நாளும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நான் ஆறு மணிக்கே எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அவர் அந்நேரம் மேல் லைனில் கங்காணிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். விறகு பிளப்பது, கைத்தாங்கலாக வெயிலில் உட்காரவைப்பது, கால் பிடித்துவிடுவது எல்லாம் இவர்தான். ஆரம்பத்தில் கிழவருக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு எரிச்சல். "இவன வர வேணாம்னு சொல்லும்மா. என்னப் பாத்துப் பாத்து அழுவுறான். நான் சாவறதுக்கு முன்னாடியே ஒப்பாரியா?" என்று என்னிடமே முறையிட்டார். நான் யார் சொல்ல?

கண்ட இடத்திலெல்லாம் அவரிடம் சொன்னேன். பேக்டரி வாசலில், கோயில் திருவிழாவில், ரேஷன் வரிசையில். கீழ் லைன் பிரசவத்துக்கு அன்றைக்கு லாரி தேவைப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைச் சொன்னால் ஒருவேளை என்னை நம்பியிருப்பார். ஆனால் நம்பினால் அதைத்தானே தூக்கிக்கொண்டு அலைவார்? ஒரு பாரத்தை இறக்க இன்னொன்றை ஏற்றுவதா என்று பயந்தேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "சரிங்க சிஸ்டர்" என்பார். அதட்டு வாங்கிய பிள்ளை தலையாட்டுவது போல ஆட்டுவார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு ஈரோட்டில் வேலை. பெண் குழந்தை பிறந்து பத்து மாதமானபோது ராஜினாமா கொடுத்தேன். கிளம்புகிற அன்று டிரைவர் அண்ணனும் மனைவியும் பஸ் நிற்கும் முக்குக்கு வந்திருந்தார்கள். அவர் மனைவி எப்போதோ என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். என் பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இனிமேல் இவரைப் பார்க்கப் போவதில்லை, இன்றைக்கு விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. பஸ் மேலே வளைவில் ஹாரன் அடிப்பது கேட்டது.

"அண்ணா, கடைசியாச் சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க அன்னிக்கு வரல. சாவி வாங்கல. லாரி எடுக்கல. நான் சொன்னது பொய்யி. நீங்க ஆரையும் ஒண்ணும் பண்ணலீங்க."

"சரிங்க சிஸ்டர்."

"அப்படிச் சொல்லாதீங்க. நம்பறீங்களா, அதச் சொல்லுங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையின் தலையில் கையை வைத்தேன். "இந்தப் புள்ள மேல சத்தியமாச் சொல்றேன்..."

முடிக்கவிடவில்லை. பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் என்னைத் தொட்டதில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வேண்டாமுங்க சிஸ்டர். எனக்கோசரம் பச்சப்புள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க."

பிறகு விறகுத்தூள் படிந்த கையை ஸ்வெட்டரில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, நான் கை வைத்த இடத்தைக் குழந்தையின் தலையில் மூன்று முறை வழித்துத் தரையில் உதறிவிட்டு, பெட்டியை எடுத்து பஸ்ஸில் ஏற்றினார்.